பாதியில் நின்ற சூரியகாந்தி

ஜனவரி இருபத்தொன்பது, எங்கள் கன்சாஸ் மாநிலம் பிறந்த நாள். ஆண்டுதோறும் ஒன்பது மணிக்கு நான்காம் வகுப்புப் பிள்ளைகள் எங்கள் மாவட்ட அலுவலக வாசலில், மாநிலக் கொடியின் கீழ் நின்று பாடம் ஒப்பிப்பார்கள். எட்டே முக்காலுக்கு நான் காரை நிறுத்தியபோது தேசியக் கொடி உச்சியில் இருந்தது. மாநிலக் கொடி மட்டும் அரைக்கம்பத்தில், அதிலிருந்த சூரியகாந்தி பனியில் விறைத்துப்போய்.

கம்பத்தடியில் வெர்லின் நின்றார். அலுவலகத்தைப் பராமரிப்பவர், கொடியும் அவர் பொறுப்பு. முந்தின நாள்தான் அவர் மகள் டாராவை அடக்கம் செய்தோம். ராணுவத்தில் ஹெலிகாப்டர் பழுது பார்த்தவள், பணியிலேயே இறந்துபோனாள். அவளுக்காக மாநிலமெங்கும் கொடியைப் பாதியில் பறக்கவிடச் சொன்னார் ஆளுநர். அன்று சூரியன் மறையும்வரைதான்.

எனக்கு வாய் நீளம். அன்றைக்கு அது தப்பாகவே பேசியது.

"நேத்தே இறக்கியிருக்கணும்ல? பிள்ளைங்க வர்ற நேரமாச்சு."

"இறக்கணும்னா முதல்ல உச்சிக்கு ஏத்தணும், வில்மா. அதான் முறை."

"தெரியும்யா. முப்பது வருஷமா சொல்லிச் சொல்லி என் காதே புளிச்சுப்போச்சு."

"ஏத்துனா முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம். அவளுக்கு ஒரே ஒரு நாள்தான் குடுத்தாங்க."

பேருந்து வந்துவிட்டது. சட்டையில் காகிதச் சூரியகாந்தியைக் குத்திக்கொண்டு பிள்ளைகள் இறங்கினார்கள். ஆசிரியை கேட்கக் கேட்கக் கத்தினார்கள்.

"மாநில விலங்கு?"

"காட்டெருமை!"

"பறவை?"

"மெடோலார்க்!"

வெர்லின் என் பக்கம் திரும்பினார். "இதே இடத்துல டாரா என்ன சொன்னா, ஞாபகமிருக்கா?"

"கோழி. எங்க வீட்ல அதான் இருக்குன்னு டீச்சரோட மல்லுக்கு நின்னாளே!"

அவர் சிரித்தார். சிரித்த முகம் அப்படியே அழுகையாகிவிட்டது. எனக்கும் தாங்கவில்லை.

ஒரு சிறுமி அருகே வந்தாள். "தாத்தா, கொடி மாட்டிக்கிச்சா?"

"ஆமாம்மா, மாட்டிக்கிச்சு," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கயிற்றைப் பிடித்தார்.

இரண்டு முறை இழுத்தார். அதற்குமேல் கை ஓடவில்லை. நானும் பிடித்து இழுத்தேன். ஆளுநர் மேல், அந்த உத்தரவின் மேல், இழுக்கிற என் கைகள் மேலேயே ஆத்திரமாக வந்தது. கொடி உச்சியைத் தொட்டதும் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

வெர்லின் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சுய்யா," என்றேன். கயிற்றை நான்தான் கட்டினேன்.