எந்தத் தோட்டா நிற்கும்

ஏப்ரல் மாதம் ஒரு பகல் பதினோரு மணிக்கு, பெட்டி மாதிரிப் பலகை வீடுகள் வரிசையாக நிற்கும் எங்கள் டிரெய்லர் பார்க்கில், மூன்றாம் வரிசையில் இருந்த விர்ஜி வீட்டுக்குள் இரண்டு பேர் புகுந்தார்கள். வலி மாத்திரை தேடி வந்தவர்கள். இல்லை என்றதும் அவள் தாடையை உடைத்துவிட்டுப் போனார்கள். அன்றைக்குப் பிடித்த பயம் லோர்னாவை விடவேயில்லை.

லோர்னா எனக்குப் பக்கத்து டிரெய்லர். அவள் வாசலுக்கும் என் சமையலறைச் சன்னலுக்கும் நடுவே பத்தடி இருந்தால் அதிகம். முப்பத்தொரு வயது. லாரி இருக்கைகளுக்கு உறை தைத்துக் கொடுப்பாள், வேலை வீட்டிலேயே. புருஷன் டுவெய்ன் எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்த்தான், இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் இங்கே. அவன் இல்லாத நாட்களில் அவளும் ஆறு வயது மகள் கேஸியும் மட்டும்தான்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு துப்பாக்கி இருந்தது. டுவெய்னின் அப்பா விட்டுப்போனது, தோட்டா அளவை வைத்து நாற்பத்தைந்து என்பார்கள். கனமான பிஸ்டல். பத்தொன்பது வயதில் குதிரையிலிருந்து விழுந்து லோர்னாவின் வலது மணிக்கட்டில் தகடு வைத்திருந்தார்கள், அந்தக் கையால் அதன் மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்துத் தோட்டாவை ஏற்ற அவளால் முடியவில்லை. அலமாரி உச்சியில் வைத்தால் கேஸி நாற்காலி போட்டு ஏறிவிடுவாள். பெட்டியில் வைத்துப் பூட்டினால் அவசரத்துக்குக் கை போகாது. கடைசியில் லோர்னா ஒரு முடிவுக்கு வந்தாள்: தன்னால் கையாள முடிகிற ஒன்றை வாங்கி, காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை இடுப்பிலேயே வைத்துக்கொள்வது.

எந்த அளவுத் தோட்டா என்பதில்தான் அவள் மாட்டிக்கொண்டாள். பக்கத்து ஊரான ஃபார்மிங்டனில் இருந்த துப்பாக்கிக் கடைக்கு என்னையும் துணைக்கு அழைத்துப் போனாள். கடைக்காரர் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சின்ன முப்பத்தெட்டு ரிவால்வர் ஒன்றை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தார். பெண்களுக்கு இதுதான் சரிப்படும் என்றார்.

"நான் பொம்பளைங்கறது தோட்டாவுக்குத் தெரியாது. என் கையப் பாத்துச் சொல்லுங்க," என்றாள் லோர்னா, தகடு வைத்த மணிக்கட்டை நீட்டி.

மனிதர் சிரித்துவிட்டார். அதன்பிறகு பொறுமையாகவே எல்லாவற்றையும் காட்டினார். சின்னத் துப்பாக்கி இடுப்பில் தெரியாது, ஆனால் எடை இல்லாததால் சுடும்போது கையை உதைக்கும். பெரிய தோட்டா நன்றாக அடிக்கும், ஆனால் இரண்டாவது முறை சுடுவதற்குள் குறி விலகிவிடும். லோர்னா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். எங்கள் வீட்டுச் சுவர் வெறும் பலகை, அதற்கு அந்தப் பக்கம் என் மகள் படுத்திருப்பாள், இதில் எது அந்தச் சுவரில் நிற்கும்? கடைக்காரர் தாடியைச் சொறிந்தார். முனையில் குழி விட்ட தோட்டா கொஞ்சம் பரவாயில்லை என்று சொல்லி, வேறு எதையோ காட்டத் தொடங்கினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டுவெய்னின் அண்ணன் நிலத்துக்குப் போனோம். அங்கே உள்ளே ஒன்றுமில்லாத பழைய டிரெய்லர் ஒன்று சரிந்து கிடந்தது. எங்கள் வீடுகளைப்போலவே அதே மெல்லிய பலகைச் சுவர். கடைசி அறையில் தண்ணீர் நிரப்பிய பால் கேன்களை வரிசையாக வைத்துவிட்டு, டுவெய்ன் முன்னறையிலிருந்து சுட்டான். நாற்பத்தைந்து மூன்று சுவரையும் துளைத்துக் கேனையும் உடைத்தது. இரவல் வாங்கி வந்த ஒன்பது எம்.எம்.மும் அப்படியே. முப்பத்தெட்டு, அதைவிடச் சின்னதான முந்நூற்றெண்பது, குழி முனைத் தோட்டா, ஒன்றும் நிற்கவில்லை. கடைசியாக அண்ணன், முயல் சுடுகிற இருபத்திரண்டை எடுத்துவந்தான். விரல் நகம் அளவுத் தோட்டா. அதுவும் போய்க் கேனில் ஓட்டை போட்டது.

லோர்னா மண்டியிட்டு அந்த ஓட்டைகளில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுதான் நிக்கும்?"

"ஆள்மேல பட்டா நிக்கும். படலேன்னாதான் இப்படிப் போகும்," என்றான் அண்ணன்.

"படலேன்னா?"

அவன் குனிந்து உடைந்த கேன்களைப் பொறுக்கத் தொடங்கினான்.

அன்றைக்கு அவளும் எல்லாவற்றையும் சுட்டுப் பார்த்தாள். கையகலமே இருந்த முந்நூற்றெண்பது அவள் மணிக்கட்டைச் சுளுக்க வைத்தது. நடுத்தர அளவில் இருந்த ஒன்பது எம்.எம். ஒன்றில்தான் மேல்பகுதியை அவளால் சுலபமாக இழுக்க முடிந்தது, ஐந்து தோட்டாவும் குறிக்கு வைத்த இரும்புத் தட்டில் பட்டன. அதே மாதிரி ஒன்றை வாங்கினாள். இரண்டு நாள் வகுப்புக்குப் போய் உரிமமும் எடுத்தாள்.

ஆனால் அதோடு பயம் தீரவில்லை. வீட்டையே மாற்றிப் போட்டாள். கேஸியின் கட்டிலைத் தன் அறைக்குக் கொண்டுபோனாள். குழந்தை இருந்த அறையில் தையல் மிஷினையும் துணிக் கட்டுகளையும் அடுக்கினாள். நடைவழியில் ஓர் இடத்தில் நின்றால் குழந்தை எப்போதும் தன் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும் என்று அடி அடியாக அளந்து வைத்திருந்தாள். ஒருநாள் என்னையும் அங்கே நிறுத்திக் காட்டினாள். சன்னல் பக்கம் வெறும் மேடு, சுடலாம். சமையலறைப் பக்கம் ரோடு, யோசிக்க வேண்டும். வாசல் பக்கம் கை நீட்டியபோது அவள் குரல் இறங்கிவிட்டது.

"இந்தப் பக்கம் நீங்க இருக்கீங்க, ஒஃபீலியா."

நான் சிரித்தேன். பகல் முழுக்க நான் ஆஸ்பத்திரி சலவையறையில்தானே கிடக்கிறேன், என் வீட்டுப் பாத்திரங்களைத்தானே சுடப்போகிறாய் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்டோபரில் என்னை இரவு ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும், இரண்டு வீட்டுக்கும் நடுவே கட்டிய கொடியில் படுக்கை விரிப்புகளை உலர்த்திக்கொண்டிருந்தேன். மஞ்சள் மேலங்கி போட்ட ஒருவன் கையில் குறிப்பெழுதும் அட்டையோடு லோர்னாவின் வாசல் படி ஏறினான். கேஸ் கம்பெனி ஆள் என்று நினைத்துக் கொடிப்பக்கம் திரும்பிக்கொண்டேன். கதவைத் தட்டினான், பிடியை ஆட்டினான். பிறகு பலகை பிளக்கிற சத்தம்.

திரும்பினேன். கதவு உள்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் முதுகு வாசலை அடைத்திருந்தது. அவன் தோளுக்கு மேலே, நடைவழியில், லோர்னாவின் இரண்டு கைகளும் துப்பாக்கி முனையும் தெரிந்தன. அன்றைக்குக் கேஸிக்குக் காய்ச்சல், பள்ளிக்குப் போகவில்லை. உள்ளறையில் அவள் இருமுவது எனக்குக் கேட்டது.

அந்த முனைக்கு நேர்கோட்டில் அவன் இருந்தான், அவனுக்குப் பின்னால் நான். விலகியிருக்கலாம், விழுந்திருக்கலாம். ஈர விரிப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

லோர்னா கத்தவில்லை. மேசையில் உப்பை எடுத்துத் தரச் சொல்வதுபோல் சொன்னாள்.

"கீழ படுங்க, ஒஃபீலியா."

யாரிடம் பேசுகிறாள் என்று அவன் திரும்பிப் பார்த்தான். சின்ன வயது, வாயோரம் புண். என்னையும் துப்பாக்கியையும் மாறி மாறிப் பார்த்தான். அட்டையைப் போட்டுவிட்டுப் படியிலிருந்து குதித்து ஓடினான். நான் படுத்தது அதற்குப் பிறகுதான்.

ஷெரிஃப் ஆபீசிலிருந்து ஆள் வந்து எழுதிக்கொண்டு போனார். அவன் அகப்படவேயில்லை.

சாயங்காலம் டுவெய்ன் மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி வந்து சேர்ந்தான். நான் அவர்கள் மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன், தனியாக வீட்டுக்குப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. அவன் கதவைப் பார்த்தான், கேஸியைத் தூக்கி வைத்துக்கொண்டான், பிறகு கேட்டான்.

"கதவ உடைச்சு உள்ள வந்தவன் எட்டடி தூரத்துல நிக்கிறான். ஏன் சுடல?"

"பின்னாடி இவங்க நின்னாங்க."

"அவன்மேல பட்டிருந்தா அவனோட நின்னிருக்கும்."

"என் கை நடுங்கிச்சு, டுவெய்ன்."

அவன் என்னைப் பார்த்தான், உடனே பார்வையை எடுத்துக்கொண்டான். குழந்தையை இறக்கிவிட்டுக் கருவிப் பெட்டியோடு வாசலுக்குப் போனான். வெகுநேரம் ஆணி அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு சில வாரங்கள் நான் அந்தப் பக்கத்துச் சன்னலைத் திறக்கவில்லை. லோர்னா கவனித்துவிட்டு, தன்மேல் கோபமா என்று கேட்டாள். இல்லை என்றேன். கோபம் இல்லைதான். அந்த முனையை நேராகப் பார்த்தவளுக்கு வருகிற ஒன்று, அதற்கு என்ன பெயர் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவளோ சனிக்கிழமை தவறாமல் சுடப் பழகப் போய்வந்தாள், கை நடுங்காமலிருக்க.

மார்ச்சில் டுவெய்னின் அண்ணன் நிலத்துக்கே குடிபோனார்கள். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் மேடும் புதரும்தான். கேஸி நாய்க்குட்டியோடு வெளியே ஓடிக்கொண்டிருந்தாள். லோர்னாவின் சட்டைக்கடியில் இடுப்பு இன்னும் புடைத்திருந்தது. இங்கே நிம்மதியாகத் தூங்குகிறாயா என்று கேட்டேன்.

"இங்க எந்தப் பக்கம் சுட்டாலும் யாரும் இல்ல," என்றாள். சட்டையை இழுத்து இடுப்பை மூடிக்கொண்டாள். "கூப்பிட்டாலும் யாரும் இல்ல."