நீலக் கட்டத்தில் விழுந்தவன்

கோல்கீப்பர் ஓரெஸ்ட் விழுந்தது பொய்யில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவன் ஊர் பிர்ச்வில்காரர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். ஐஸ் ஹாக்கியில் கோல் வலைக்கு முன்னால் பனியில் நீலச் சாயம் பூசியிருக்கிறதே, அந்தக் கட்டம் கோல்கீப்பருடைய இடம். அதற்குள் எதிரணிக்காரன் வந்து இடித்தால் பெனால்ட்டி. லைல் டேவ்ஸ் உள்ளே வந்தான், அவன் தோள் ஓரெஸ்டின் முகக்கவசத்தில் பட்டது, ஓரெஸ்ட் மல்லாந்தான். எல்லாம் உண்மை.

ஆனால் லைல் தானாக வரவில்லை. ஓரெஸ்டின் சொந்த அணிக்காரன் ரஸ்டி பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளினான். நடுவர் அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பியிருந்தார். பட்டதும் பெரிய அடியில்லை. பஸ் நெரிசலில் இதைவிட பலமாக இடிப்பார்கள். ஓரெஸ்ட் நினைத்திருந்தால் இரண்டு நொடியில் எழுந்திருக்கலாம்.

எழவில்லை. அரையிறுதியின் முடிவு சொல்லும் ஏழாவது ஆட்டம், இரண்டுக்கு இரண்டு, பாக்கி எட்டு நிமிடம். பயிற்சியாளர் மெர்வ் வருடம் முழுக்க ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார்: "நீலத்துல எவனாவது தொட்டா, விழுந்துடு. விழுந்தா சட்டுனு எந்திரிக்காத." கவசத்தின் பின்வாரை ஒரு கொக்கி தளர்வாகவே வைத்திருப்பது ஓரெஸ்டின் பழக்கம். மோவாயை உயர்த்தி ஒரு உலுக்கு உலுக்கினான், கவசம் கழன்று உருண்டது. கீப்பரின் கவசம் கழன்றால் ஆட்டத்தை நிறுத்தியே ஆக வேண்டும். விசில் ஊதினார்கள். அவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு முனகல் முனகினான்.

இரண்டு நிமிட பெனால்ட்டி கிடைக்கும், அதுவரை எதிரணியில் ஓராள் குறையும், அது போதும் என்றுதான் கணக்குப் போட்டான். அந்த மட்டில் அவனை நம்பலாம். ஆனால் லைல் கையுறைகளை வீசிவிட்டு வெறும் கையோடு பனியில் மண்டியிட்டான். ஓரெஸ்டின் தலையை இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்தான்.

"அசையாத ஓரெஸ்ட். கழுத்த அசைக்காத. நான் புடிச்சிருக்கேன். யாராவது ஸ்ட்ரெச்சர் கொண்டு வாங்கடா!"

ஐயோ, இவன் வேறு! இப்போது எழுந்து உட்கார்ந்தால் அரங்கம் முழுக்கக் காறித் துப்பும். ஓரெஸ்ட் கண்ணை மூடிக்கொண்டான். சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. இரண்டு அணிக்காரர்களும் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்திருப்பார்கள் என்று பார்க்காமலே தெரிந்தது, யார் அடிபட்டாலும் அதுதான் வழக்கம். பலகையில் கட்டித் தூக்கிப் போனபோது அடிபட்டவனுக்கு மரியாதையாக எல்லோரும் மட்டைகளைப் பனியில் தட்டினார்கள். அவர்கள் அணி, இவர்கள் அணி என்ற பேதமில்லாமல் தட்டினார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவன் மகள் டெஸ்ஸா அழுதுகொண்டே கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவளை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டான். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அடிபட்டவன் எழவில்லை என்றால் இரண்டு நிமிடம் ஐந்து நிமிடமாகும். இடித்தவன் ஆட்டத்தை விட்டே வெளியே போக வேண்டும். லைல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான். அந்த ஐந்து நிமிடத்தில் பிர்ச்வில் இரண்டு கோல் போட்டது. லைலின் ஊரான கிளாஸ்டனுக்கு அந்த வருடம் அத்தோடு முடிந்தது.

மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. இல்லாதது எப்படித் தெரியும்? "சில சமயம் படத்துல தெரியாது," என்றார் டாக்டர், பாவம், நல்ல மனிதர். ஒரு வாரம் போட்டுக்கொள்ளச் சொல்லி மெத்தென்ற ஒரு கழுத்துப் பட்டையைக் கொடுத்தார். ரஸ்டியும் பையன்களும் பார்க்க வந்தார்கள். ரஸ்டி கதவைச் சாத்திவிட்டு, "என்ன நடிப்புடா சாமி! அந்த முனகல் இருக்கே, எனக்கே கண்ணு கலங்கிடுச்சு," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஓரெஸ்டும் சிரித்தான். பட்டைக்குள் வியர்த்தது.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்த கையோடு, லைல் வந்து ஓரெஸ்டின் வீட்டு வாசலில் நின்றான்.

ஆறடி மூன்று அங்குல ஆள், செருப்புப் போடும் இடத்தில் பூட்ஸைக் கழற்றிவிட்டுச் சாக்ஸோடு நின்றான். ஒரு கையில் அவனே புகை போட்ட இறைச்சி சாசேஜ் வளையம். இன்னொரு கையில் அவன் மனைவி சுட்ட பன்கள், ஒன்றின் தலையில் ஒன்று ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்குமே, அவை. இரண்டையும் ஓரெஸ்டின் மனைவி கார்லாவிடம் கொடுத்துவிட்டு சோஃபாவின் நுனியில் உட்கார்ந்தான்.

"ராத்திரியெல்லாம் தூக்கமில்ல ஓரெஸ்ட். நான் நின்னிருக்கணும். கால திருப்பி பிரேக் போட்டிருக்கலாம். யாரோ முதுகுல கை வெச்ச மாதிரி இருந்துச்சு, ஆனா அத ஒரு சாக்கா சொல்ல மாட்டேன். ஆட்டத்த ஜெயிக்கணும்ங்குற வெறியில உள்ள வந்துட்டேன்."

ரஸ்டி தள்ளினான் என்று சொல்ல ஓரெஸ்டுக்கு வாய் வரை வந்தது. ஒரே ஒரு வரி. கார்லா காபியோடு நின்றாள். டெஸ்ஸா மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வந்த சொல்லை விழுங்கினான்.

"விடு லைல்," என்றான். "விளையாட்டுன்னா நாலு அடி படத்தான் செய்யும். நான் மனசுல எதையும் வெச்சுக்கல."

சொன்னான் பாருங்கள்! குற்றம் செய்யாதவனை உட்கார வைத்து, பெரிய மனசோடு மன்னித்தும் விட்டான். லைல் இவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினான். கண்ணில் தண்ணீர். எழுந்தவன் படியருகே போய், "மன்னிச்சுடு டெஸ்ஸா," என்று கையை நீட்டினான்.

டெஸ்ஸாவுக்குப் பன்னிரண்டு வயது. சிற்றூர்களில் பிள்ளைகள் குறைவு என்பதால் பிர்ச்வில் பெண்களையும் கிளாஸ்டன் பெண்களையும் சேர்த்து ஒரே அணி. அந்த அணிக்கு நாலு வருடமாகப் பயிற்சியாளர் இந்த லைல்தான். அவளை கோலுக்கு முன்னால் முதன்முதலாக நிற்க வைத்தவனும் அவன்தான். அவள் அந்தக் கையைப் பார்த்தாள், எழுந்தாள், முதுகைக் காட்டிக்கொண்டு மாடிக்குப் போய்க் கதவைப் படாரென்று சாத்தினாள்.

"சின்னப் பொண்ணு, தப்பா எடுத்துக்காத," என்றாள் கார்லா.

"அவ செஞ்சதுதான் சரி," என்றான் லைல்.

மறுநாள் காலை, காபிக் கடையின் நீள மேசையில் வழக்கமான கிழங்கள் கூடியிருந்தார்கள். கோல்கீப்பர்கள் அடிபட்டதாக நடிக்கிறார்களா இல்லையா என்பதுதான் அன்றைய வழக்கு. ஓரெஸ்ட் பட்டையோடு உள்ளே நுழைந்தபோது வழக்கு உச்சத்தில் இருந்தது.

"எல்லா கீப்பரும் நடிகனுங்கதான்யா," என்றார் ஒருவர். "டிவியில பாக்குறோமே. மட்டை உரசுனாலே சுட்டுட்ட மாதிரி விழுவானுங்க. பெனால்ட்டி கொடுத்ததும் துள்ளி எந்திரிப்பானுங்க."

"அது காசுக்கு ஆடுறவன். நம்மூர்ல அப்படி எவன் இருக்கான்?" என்றார் ஹாரி கோஸ்ட்யூக். எழுபது வயது, இளமையில் அவரும் கீப்பர். "இதோ வந்துட்டான் பாரு. இவனப் பாத்தா நடிக்கிறவன் மாதிரியா இருக்கு? இவங்கப்பன் கூட ஆடியிருக்கேன்யா நான். அந்தக் குடும்பத்துல எவனும் பொய்யா விழ மாட்டான். உக்காருப்பா, கழுத்து எப்படி இருக்கு?"

"பரவால்லங்க," என்றான் ஓரெஸ்ட். காபி வாயில் வைக்கக்கூட முடியாமல் கசந்தது. பாதியிலேயே எழுந்து வந்துவிட்டான். வண்டியில் உட்கார்ந்து, பொம்பளைப் பிள்ளை மாதிரி அழக்கூடாது என்று தன்னையே திட்டிக்கொண்டு, அழுதான்.

செவ்வாய் மாலை டெஸ்ஸா பயிற்சிக்குப் போய்விட்டு வந்து பையைத் தொப்பென்று போட்டாள்.

"கோச் இனிமே வரமாட்டாராம். லெட்டர் கொடுத்துட்டாராம். ஒருத்தன் கழுத்த ஒடிக்கப் பாத்தவன் சின்னப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுக்கறதுன்னு எழுதியிருக்காராம்." அவள் குரலில் ஒரு திருப்தி இருந்தது. "நல்லதுதான். நானும் எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்லியிருந்தேன்."

"என்ன சொன்ன?"

"அவர் வேணும்னேதான் இடிச்சாருன்னு."

அந்த மனிதனுக்கு ஆட்டத்தைவிட அந்தப் பெண்கள் பெரிது. அது இரண்டு ஊருக்கும் தெரியும். அதை ஓரெஸ்ட் பறித்துவிட்டான். பறித்தது போதாதென்று மகளையும் கூட்டுச் சேர்த்துவிட்டான்.

புதன்கிழமை மத்தியானம் கிளாஸ்டனுக்கு வண்டியை எடுத்தான். வழியில் எதிரே வந்தவர்கள் வழக்கம் போல வணக்கமாக ஸ்டீரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்கள். பதிலுக்கு விரல் தூக்க இவனுக்குக் கை வரவில்லை. லைல் கொட்டகையில் விதைப்பு எந்திரத்துக்கு அடியில் படுத்திருந்தான். இவனைப் பார்த்ததும் பதறி வெளியே வந்தான்.

"நீ ஏன்டா வண்டி ஓட்டிட்டு வந்த? கழுத்த வெச்சுக்கிட்டு?"

ஓரெஸ்ட் பட்டையைப் பிரித்துக் கையில் எடுத்தான்.

"எனக்கு ஒண்ணும் இல்ல லைல்."

"சரியாயிடுச்சா?"

"இல்ல. அன்னைக்கே ஒண்ணும் ஆகல. உன்னத் தள்ளுனது ரஸ்டி. நான் பாத்தேன். கவசத்த நானேதான் உலுக்கிக் கழட்டுனேன். வலியெல்லாம் எதுவும் இல்ல. எல்லாம் நடிப்பு."

லைல் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தான். கிரீஸ் கையால் முகத்தை மூடிக்கொண்டான். கொஞ்ச நேரம் தோள் மட்டும் குலுங்கியது.

"அப்ப உன் கழுத்து நல்லாதான் இருக்கு."

"நல்லாதான் இருக்கு."

"கடவுளே. நன்றி கடவுளே," என்றான் லைல்.

அந்த இடத்தில் அவன் ஒரு அறை விட்டிருந்தால் ஓரெஸ்ட் பிழைத்திருப்பான். விடவில்லை. கடவுளுக்கு நன்றி சொல்லி முடித்த பிறகுதான் அவன் முகம் மெல்ல மாறியது.

"நாலு நாளா நான் சரியா சாப்பிடல தெரியுமா? ஆட்டத்துல நடிச்ச, சரி. ஆட்டத்துச் சூடு. நானும் ஆடுறவன்தான், புரியுது. ஆனா நான் உன் வீட்டுல வந்து உக்காந்தேனேடா. அப்ப சொல்லியிருக்கலாமே. 'விடு லைல், மனசுல வெச்சுக்கல'ன்னியே. எப்படிடா அது வாயில வந்துச்சு?"

"தெரியல. வெக்கமா இருந்துச்சு."

"உனக்கா?"

ஓரெஸ்ட், நடந்ததையெல்லாம் போட்டி நடத்தும் லீக்குக்கு எழுதிப் போடுவதாகச் சொன்னான். இறுதி ஆட்டத்தில் ஆட மாட்டேன் என்றான். மறுபடி பெண்களுக்கு வந்து சொல்லிக்கொடு என்று கெஞ்சினான்.

"லீக்குக்கு எழுது, எழுதாம போ," என்றான் லைல். "உன் பொண்ணு இருக்காளே, அவ என் முகத்தப் பாக்க மாட்டேங்குறா. அவளப் பாத்து மத்ததுங்களும் பாக்கல. மொதல்ல அவகிட்ட சொல்லு. அத நீதான் சொல்லணும்." மறுபடி எந்திரத்துக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்தபோது டெஸ்ஸா சமையலறை மேசையில் மட்டையின் நுனிக்குப் புது டேப் சுற்றிக்கொண்டிருந்தாள். கழுத்துப் பட்டை இல்லாததைக் கவனித்து முகம் மலர்ந்தாள். அந்த மலர்ச்சியைப் பார்த்தபிறகு சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. நின்றபடியே சொன்னான். ரஸ்டி தள்ளியதிலிருந்து சோஃபாவில் சொன்ன மன்னிப்பு வரை ஒன்றையும் விடவில்லை. அவள் டேப் சுற்றுவதை நிறுத்தவில்லை. சுற்றி முடித்த பிறகும் அதன் மேலேயே சுற்றினாள்.

"எல்லாரும் மட்டைய தட்டுனாங்களே," என்றாள்.

"ஆமா."

"நானும் கண்ணாடியத் தட்டுனேன். நீங்க செத்துடுவீங்கன்னு நெனச்சேன்பா."

"தெரியும்மா. பாத்தேன்."

"பாத்தீங்களா?" அவள் முதல் தடவையாக நிமிர்ந்தாள். "பாத்துட்டும் எந்திரிக்கலையா?"

கதவருகே கார்லா துணிக்கூடையோடு நின்றிருந்தாள். "அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் டெஸ்ஸா.

"இப்பத்தான் தெரிஞ்சுது," என்றாள் கார்லா. கூடையைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

டெஸ்ஸா எழுந்து கோட்டை மாட்டினாள். "என்னைக் கோச் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

எப்போதும் முன் இருக்கைக்குச் சண்டை போடுகிறவள், பின்னால் ஏறி உட்கார்ந்தாள். இருபத்தைந்து கிலோமீட்டர். இரண்டு பக்கமும் பாதி உருகிய வெள்ளை வயல்கள். லைல் வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தி, ஓரெஸ்ட் தன் பக்கத்துக் கதவைத் திறந்தான்.

"நீங்க வண்டியிலேயே இருங்க," என்றாள்.

"நானும் வரேன்மா. தப்பு என்னுதுதானே."

"நான் செஞ்சதுக்கு நான் மன்னிப்பு கேட்டுக்கறேன்." கதவைத் திறந்தவள் கொஞ்சம் நின்றாள். "நீங்க பக்கத்துல நின்னா, நானும் நடிக்கறேன்னு அவர் நெனச்சுக்குவாருப்பா."

அவள் இறங்கிப் போனாள். ஓரெஸ்ட் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தான்.