கோதுமை படாத இலை

சம்பந்தியம்மா கல்யாணச் சமையலைப் பற்றிப் பேச வருகிறார் என்றதுமே எனக்குச் சுருக்கென்றது. பெண் வீட்டார் போடுகிற சாப்பாட்டை மாப்பிள்ளையின் தாயார் வந்து தீர்மானிப்பது சுரக்குடியில் நான் கேள்விப்படாத வழக்கம். பிரான்சில் இருந்துவிட்டுக் காரைக்காலுக்குத் திரும்பினால் இப்படியெல்லாம் தோன்றும் போலிருக்கிறது என்று அக்காவிடம் சொன்னேன். ராஜம் அக்கா என் வாயைப் பொத்தினாள். எப்படியாவது கல்யாணம் நடந்தால் போதும் அவளுக்கு.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. அக்கா மகள் ரஞ்சிதத்துக்குப் பூவத்திலிருந்து வந்த முதல் சம்பந்தம், பெண் சீக்காளி என்று யாரோ போய்ச் சொன்னதில் நின்றுபோனது. சொன்னது பொய்யும் இல்லை. சாப்பிட்ட கை காய்வதற்குள் கொல்லைக்கு ஓடுவாள். வயிறு உப்பிக்கொள்ளும். வாயில் ஆறாத புண், முகத்தில் ரத்தமே கிடையாது. இந்த வரனிடம் அக்கா அதைப் பற்றி மூச்சு விடவில்லை. "உடம்பு வாகே அப்படிங்க" என்று சிரித்துச் சமாளித்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான்.

நிச்சயம் முடிந்த மறுநாளே பெண்ணைத் தேற்றும் வேலை தொடங்கிற்று. கல்யாணப் பெண் பூஞ்சையாக மணையில் உட்காரக்கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பிடிவாதம். சோறு தின்றால் ஊளைச்சதைதான் போடும், கோதுமைதான் பலம் என்று ஊரே சொன்னது. காலையில் கோதுமைக் கஞ்சி, மத்தியானமும் ராத்திரியும் சப்பாத்தி என்று, அவள் சோறு கேட்டாலும் கொடுக்காமல் அக்கா ஊட்டினாள். ரஞ்சிதம் இன்னும் இளைத்தாள். கண்ணேறு என்று சொல்லிச் சுற்றிப் போட்டோம்.

மார்கழிக் காலையில் சம்பந்தியம்மா திரிபுரசுந்தரி வந்து பாயில் உட்கார்ந்தார். எதிரே திருநள்ளாற்றுச் சமையற்காரர் அம்பலவாணன். அவர் மடமடவென்று ஒப்பித்தார்.

"காலையில கேசரி, இட்லி, பூரி, வடை. மத்தியானம் சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், சேமியா பாயசம்."

"ஐயா, எனக்கு மட்டும் தனியா ஒரு இலை வேணும். அதுல கோதுமை துளி படக்கூடாது" என்றார் சம்பந்தியம்மா.

"வேண்டுதலாங்க?"

"சீக்குங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில், தனக்குச் சீக்கு என்று தன் வாயாலேயே ஒருத்தி சொல்லி நான் கேட்டதே இல்லை. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

அம்பலவாணன் கவலைப்படவில்லை. "நம்ம சாப்பாட்டுல கோதுமை ஏதுங்க? பூரியைத் தொடாதீங்க, ஆச்சு."

"ரவை எதுலேருந்து வருது? சேமியா? மைதா? எல்லாம் கோதுமைதான். பூரி பொரிச்ச எண்ணெயில எனக்கு அப்பளம் பொரிக்கக் கூடாது. கட்டிப் பெருங்காயத்துலயும் மாவு கலக்குறாங்க."

"பெருங்காயம் இல்லாம ரசமா" என்று முனகினார் அம்பலவாணன். அவர் முகம் இழவுச் செய்தி கேட்டவர் முகமாகிவிட்டது.

"வடை?" என்று கேட்டார் சம்பந்தியம்மா.

"சுத்தமான உளுந்துங்க."

"மாவு தளர்ந்துபோனா?"

அவர் பிடரியைச் சொறிந்தார். "ஒரு கை மைதா போடுறதுதான்."

நான் இத்தனை வருஷமாக ரசித்துத் தின்ற கல்யாண வடையெல்லாம் கண் முன்னால் வந்து போயின. எரிச்சலில் கேட்டுவிட்டேன். "அப்படி என்னதாங்க பண்ணிடும் அந்தக் கோதுமை?"

சம்பந்தியம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "தின்னது உடம்புல ஒட்டாது. வயிறு உப்பும், கொல்லைக்கும் வீட்டுக்குமா அலைச்சல். வாயெல்லாம் புண்ணு, ஒடம்புல ரத்தம் இருக்காது. சின்ன வயசுலேருந்தே எனக்கு அப்படித்தான். எங்க வீட்டுல மறைச்சுக் கட்டிக்குடுத்துட்டாங்க. பிரான்சுக்குப் போனா மூணு வேளையும் ரொட்டி. அங்கதான் முத்திப்போச்சு. எம் பையனுக்கு முன்னாடி ரெண்டு வயித்துலயே போயிடுச்சு. அப்புறம்தான் ஆஸ்பத்திரியில குடலைப் பார்த்துட்டு, கோதுமையை விடுன்னாங்க."

ரஞ்சிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னது போலிருந்தது. அக்காவைப் பார்த்தேன். அவளுக்கும் புரிந்துவிட்டது.

"பாயசத்துக்குப் பச்சரிசியே போட்டுடலாங்க" என்றாள் அக்கா. குரல் அவளுடையதாக இல்லை. எழுந்து அடுப்பங்கரைக்குப் போனாள். பின்னாலேயே போனேன்.

"சொல்லிடுக்கா."

"வாயை மூடு. மொதல்ல தாலி ஏறட்டும். அப்புறம் கோதுமை குடுக்காம பார்த்துக்கலாம்."

"இப்பத்தானேக்கா அந்தம்மா சொன்னாங்க, மறைச்சுக் கட்டிக்குடுத்துட்டாங்கன்னு. அதையே நாமளும் பண்றதா?"

"இதுவும் நின்னுபோனா எவன்டி வருவான் இவளுக்கு?" என்று அக்கா சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு அழுதாள். அவளை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

அடுக்களை மூலையில் கஞ்சித் தம்ளரோடு உட்கார்ந்திருந்த ரஞ்சிதத்தை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை. அவள் தம்ளரைத் தரையில் வைத்தாள். அக்கா கையைப் பிடிப்பதற்குள் கூடத்துக்குப் போய்விட்டாள்.

அங்கே அம்பலவாணன் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப கோதுமை படாத இலை ஒண்ணுதானேங்க?"

"ரெண்டு" என்றாள் ரஞ்சிதம். "அத்தை, நீங்க சொன்னது அத்தனையும் எனக்கு இருக்கு. அம்மா சொல்லலை."

எந்தப் பெண்ணும் தன் கல்யாணத்தைத் தானே இப்படி உடைத்து நான் பார்த்ததில்லை. சம்பந்தியம்மா எழுந்து வந்து ரஞ்சிதத்தின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

"தையில கல்யாணம் வேண்டாங்க" என்றார்.

அக்கா அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நிறுத்தச் சொல்லலை. தள்ளி வைக்கச் சொல்றேன். பாண்டிச்சேரிக்கு அழைச்சுட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டுவோம். புள்ளை உடம்பு தேறட்டும், வைகாசியில வச்சுக்கலாம்."

"நாள் குறிச்சாச்சுங்க. ஊர்ல என்ன பேசுவாங்க" என்றாள் அக்கா.

"எனக்கு ரெண்டு போனப்ப ஊர்ல யாரு வந்து என்ன பேசினாங்க?" முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. "நீங்க மறைச்சதுக்கு எனக்குக் கோவந்தான். அதை அப்புறம் பேசிக்குவோம். இப்ப மத்தியானத்துக்குப் புள்ளைக்கு என்ன வச்சிருக்கீங்க?"

அடுப்பங்கரையில் பிசைந்து மூடி வைத்திருந்த சப்பாத்தி மாவு எனக்குத் தெரியும். வாசலில் அறுப்புக்கு ஆள் பேச வந்தவர்கள் அத்தானோடு நின்றுகொண்டிருந்தார்கள். அக்கா அவர்களைத் தாண்டித் தெரிந்த நெல்வயலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சோறு வடிக்கிறேங்க" என்றாள் கடைசியில். "சுத்தி வயலை வச்சுக்கிட்டு, எம்புள்ளை கேட்ட சோத்தைப் பிடுங்கிட்டு, காசு குடுத்து வெஷத்தை வாங்கி ஊட்டியிருக்கேன்."