நாலே சுற்று

மூன்றாவது உதைக்கும் வண்டி உறுமிவிட்டு அடங்கியது. நான்காவது உதையில் ஜேசுராஜின் வலது கால் செருப்பு கழன்று சாக்கடையில் விழுந்தது. வண்டி கிளம்பிவிட்டது. அவன் குனியவில்லை. ஒற்றைச் செருப்போடு தேனி மெயின் ரோட்டில் ஏறினான்.

சட்டைப் பையில் ஐந்து போல்ட்டுகள் நெஞ்சை இடித்தன. ஐந்தும் நீளமானவை. ஐந்தும் இந்நேரம் ஒரு காரின் பின் சக்கரத்துக்குள் இருக்க வேண்டியவை.

சனிக்கிழமை காலை ஏழு ஐம்பது. கார் கிளம்பி இருபது நிமிடம் ஆகிவிட்டது.

உக்கிரபாண்டியின் கார் மஞ்சள் நிறம், இரண்டே கதவு, ஜெர்மன்காரன் செய்தது. துபாயில் இருபத்திரண்டு வருடம் கிரேன் ஓட்டிவிட்டுத் திரும்பிய உசிலம்பட்டிக்காரர் தனக்கென்று வாங்கிய ஒரே ஆடம்பரம். வாராவாரம் சனிக்கிழமை அதைக் கோயம்புத்தூர் ரேஸ் டிராக்குக்கு ஓட்டிப் போவார். டிராக்கில் பின் சக்கரங்கள் கொஞ்சம் வெளியே தள்ளி நின்றால் கார் வளைவில் ஊன்றிப் போகும். அதற்காக அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருபது மில்லிமீட்டர் கனத்தில் ஓர் அலுமினிய வட்டத் தட்டு வைக்க வேண்டும். ஸ்பேசர்.

தட்டு ஏறினால் போல்ட்டும் அதே அளவு நீள வேண்டும். குட்டை போல்ட்டைப் போட்டால் அது தட்டைத் தாண்டி மரையில் நாலே சுற்றுத்தான் பிடிக்கும். பார்க்க எல்லாம் சரியாகவே இருக்கும். முதல் கொஞ்ச தூரம் ஓடவும் செய்யும்.

அச்சம்பத்தில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் ஜேசுராஜ் சனிக்கிழமை காலை ஸ்பேசரை மாட்டி, திங்கட்கிழமை கழற்றுவான். மாட்டும்போது ஒவ்வொரு போல்ட்டையும் கையால் முடுக்கிச் சுற்று எண்ணுவான். பதினேழு வரவேண்டும். இரண்டு வருடமாக ஒரு சனிக்கிழமைகூட அவன் எண்ணாமல் விட்டதில்லை.

இன்றைக்கு விட்டுவிட்டான். உக்கிரபாண்டி அலங்காநல்லூர் வாடிவாசலில் தன் சின்ன மாமாவின் வேட்டியைக் கொம்பில் சுற்றிக்கொண்டு போன காளையின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "மாடு போயிருச்சுண்ணே, வேட்டியும் போயிருச்சு. மைக்குல ஒருத்தன், மாடு பிடிச்ச வீரருக்கு ஒரு வேட்டி பரிசுங்கிறான்!" ஜேசுராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்துக்கொண்டே போல்ட் டப்பாவில் கையை விட்டு எடுத்த ஐந்தை இடது பின் சக்கரத்தில் மெஷினால் முடுக்கிவிட்டான்.

கார் போனபிறகு ஷெட்டைக் கூட்டும்போதுதான் டப்பாவில் நீளமான ஐந்தும் அப்படியே கிடந்ததைப் பார்த்தான்.

வண்டியை ஓட்டியபடியே மறுபடி போனைக் காதில் வைத்தான். சுவிட்ச் ஆஃப். அது தெரிந்ததுதான். "டிராக்குக்குப் போறப்ப போனு ஆகாதுண்ணே" என்பார் அவர்.

வேறு யாரைக் கூப்பிடலாம்? அவர் மனைவி இறந்து ஆறு வருடம். மகன் கனடாவில், நம்பர் தெரியாது. வீடு எஸ்.எஸ். காலனியில் ஏதோ ஒரு ஃபிளாட், எந்தத் தெரு என்று கேட்டதில்லை. வாரத்துக்கு இரண்டு நாள், இரண்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்த மனிதர். அவருக்கு ஓர் ஆபத்து என்றால் யாரிடம் சொல்வது என்றுகூட ஜேசுராஜுக்குத் தெரியவில்லை.

தனக்கு ஒன்று என்றால்? மனைவி மரியம்மாள் மகளின் பிரசவத்துக்கென்று பெங்களூரு போனாள். மூன்று மாதம் என்று போனது மூன்றாவது வருடமாக நீள்கிறது. தினமும் எட்டரைக்குப் போன் வரும். "சாப்ட்டீங்களா?" சாப்பிட்டேன் என்பான். பேரன் அழுவான். போன் வைக்கப்படும். ஷெட்டில் வேலைக்கு இருந்த இரண்டு பேரும் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய்விட்டார்கள். செவ்வாயிலிருந்து வெள்ளி வரை சில நாட்கள் அந்தப் போனைத் தவிர அவன் வாயைத் திறந்து பேசுவது பரோட்டாக் கடையில் மட்டும்தான்.

நாலு வழிச்சாலை வந்துவிட்டது. பாலத்துக்கு அடியில் கரும்புச்சாறு மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்த முனீஸ்வரியிடம் வண்டியை நிறுத்தினான்.

"தாயி, மஞ்சக் காரு ஒண்ணு போச்சா? தரையோட தரையா போகுமே..."

அவள் அவனுடைய வெறுங்காலைப் பார்த்தாள். "ஏண்ணே, காரைத் தொலைச்சீங்களா, செருப்பைத் தொலைச்சீங்களா?"

"வெளாடாத தாயி, உசுருப் பிரச்சினை. திண்டுக்கல் பக்கம் ஏறி எம்புட்டு நேரமாச்சு?"

"திண்டுக்கல் பக்கமா? அந்தக் காரு என்னைக்கு அங்கிட்டு ஏறுச்சு? சனிக்கிழமையானா கீழக்குயில்குடி ரோட்டுலல்ல திரும்பும்! நானுந்தான் வாராவாரம் பாக்குறேன்."

"வேற காரா இருக்கும்."

"மதுரையில அந்தக் கலர்ல பத்துக் காரா ஓடுது? போங்கண்ணே, போய்ப் பாருங்க."

வலப்பக்கம் திண்டுக்கல், கோயம்புத்தூர் போகும் வழி. இடப்பக்கம் கீழக்குயில்குடி. தப்பான பக்கம் திரும்பினால் அவ்வளவுதான். ஜேசுராஜ் இரண்டு விநாடி யோசித்தான். காரின் டயர் நினைவுக்கு வந்தது. இத்தனை டிராக் ஓடிய டயரின் ஓரம் தேய்ந்திருக்க வேண்டும். தேயவே இல்லை. மனிதர் பயந்து பயந்து ஓட்டுகிறார், கௌரவத்துக்காக வேகக் கதை சொல்கிறார் என்று அதைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தான்.

இடப்பக்கம் திரும்பினான்.

ஒவ்வொரு வளைவிலும் கவிழ்ந்து கிடக்கும் மஞ்சளை எதிர்பார்த்தான். வரவில்லை. ஆட்டுக்கிடை, தட்டான் கூட்டம், பள்ளிக்கூட வேன். பிறகு சமணர் மலையின் மொட்டைப் பாறை. அதன் அடியில் ஆலமர நிழலில், அழகாக, நேராக நின்றிருந்தது கார்.

உக்கிரபாண்டி டிரைவர் சீட்டில் கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் இட்லிப் பொட்டலம். தாமரைக் குளத்தைப் பார்த்துக்கொண்டு, யாருக்கும் அவசரமில்லாத வேகத்தில் மென்றுகொண்டிருந்தார். இவனைப் பார்த்ததும் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

"ஜேசண்ணே... நீங்க எங்கிட்டு இங்க?"

ஜேசுராஜ் ஓடிப்போய் இடது பின் சக்கரத்தின் முன்னால் மண்டியிட்டான். ஐந்து போல்ட்டில் ஒன்றைக் காணோம். மற்ற நாலையும் விரலால் தொட்டான். ஸ்பேனர் வேண்டியிருக்கவில்லை, விரலுக்கே சுழன்றன.

"வாரப்ப டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம். கல்லு மாட்டியிருக்கும்னு நெனச்சேன்" என்றார் அவர் மேலிருந்து.

"கல்லு இல்லண்ணே. என் தப்பு. குட்டை போல்ட்டைப் போட்டு அனுப்பிட்டேன். நாலு வழிச்சாலையில ஏறியிருந்தீங்கன்னா வாடிப்பட்டி தாண்டியிருக்க மாட்டீங்க."

உக்கிரபாண்டி இட்லிப் பொட்டலத்தை மெதுவாக மடித்தார். இறங்கி வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"நாலு வழிச்சாலையில நான் ஏறுறதே இல்லண்ணே."

ஜேசுராஜ் நிமிர்ந்தான்.

"ஒரே ஒரு தடவை போனேன். நீங்க மொதமொத மாட்டிவிட்டீங்கள்ல, அந்தச் சனிக்கிழமை. டிராக்கு வாசல் வரைக்கும் போயிட்டேன். எல்லாம் கூட்டம் கூட்டமா வந்திருக்காங்க. அப்பன் ஓட்டுறான், மகன் வாட்சைப் பிடிச்சு நேரம் பாக்குறான். எனக்கு நேரம் பாக்க யாரு இருக்கா? காரைத் திருப்பிட்டேன்."

"அப்ப, அந்தச் சென்னைப் பயல மூணாவது வளைவுல முந்துனதாச் சொன்னீங்களே?"

"ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சு வச்சது. திங்கக்கிழமை வந்தா எப்படி ஓடுச்சுன்னு அம்புட்டு ஆசையா கேப்பீங்க. ஓட்டலைன்னு சொல்ல வாய் வரலை. ஒரு வாரம் சொன்னேன். அப்பறம் வாராவாரம் சொல்ல வேண்டியதாப்போச்சு. இங்கன வந்து ரெண்டு மணி நேரம் உக்காந்துட்டு, வீட்டுல கொண்டுபோய்க் கவரைப் போட்டு மூடிருவேன்."

குளத்தில் ஏதோ ஒரு பறவை முங்கி எழுந்தது. ஜேசுராஜ் டிக்கியிலிருந்து ஸ்பேனரையும் ஜாக்கியையும் எடுத்து வைத்தான். சக்கரத்தைத் தூக்கினான். நீளமான போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் முடுக்கினான். வாய்விட்டு எண்ணினான். பதினேழு. அடுத்தது, பதினேழு. ஐந்தையும் ஸ்பேனரால் இறுக்கிச் சக்கரத்தை இறக்கினான்.

உக்கிரபாண்டி எழுந்து கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார். முகத்தைக் குளத்துப் பக்கம் வைத்துக்கொண்டார்.

"இனிமே எதுக்குண்ணே இந்தக் கூத்து? குட்டு வெளிப்பட்டுப் போச்சு. திங்கக்கிழமை கடைசியா வாரேன். ஸ்பேசரைக் கழட்டி நீங்களே வச்சுக்கங்க. இனி சனிக்கிழமை மாட்டுறதும் வேணாம், திங்கக்கிழமை கழட்டுறதும் வேணாம். உங்களுக்கும் ஒரு பாரம் கொறையும்."

பாரம். ஜேசுராஜ் துணியில் கையைத் துடைத்தான். அழுக்கு எல்லாம் போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தான். இவர் இப்போது கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பிவிட்டால், அப்புறம் செவ்வாய் முதல் திங்கள் வரை எல்லா நாளும் ஒரே நாள்தான்.

"அண்ணே, ஒரு நிமிசம்."

"சொல்லுங்க."

"ரோட்டுக்கு ஸ்பேசர் ஆகாது, பள்ளம் மேடு பேரிங்கைத் தின்னுரும், திங்கக்கிழமை வந்து கழட்டியே ஆகணும்னு சொன்னேன்ல?"

"மொத நாளே சொன்னீங்க. அதுக்குத்தான டாண்ணு வந்துக்கிட்டிருந்தேன்."

"பொய்." ஜேசுராஜ் துணியைக் கீழே போட்டான். "நல்ல தட்டு. அச்சுல கச்சிதமா உக்காருது. மட்கார்டுல எங்கயும் உரசலை. சரியான போல்ட்டைப் போட்டு, அப்பப்ப முடுக்கிப் பாத்தாப் போதும், வருசக்கணக்கா ரோட்டுலயே ஓட்டலாம். மொத நாளே அளந்து பாத்துட்டேன். வாராவாரம் கழட்டி மாட்டுனதாலதான் இன்னைக்குப் போல்ட்டே மாறிப்போச்சு."

உக்கிரபாண்டி திரும்பினார். கோபமா, குழப்பமா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அப்பறம் எதுக்குண்ணே கழட்டச் சொன்னீங்க?"

"கழட்டணும்னு சொல்லாட்டி, திங்கக்கிழமை நீங்க வரமாட்டீங்களே."