எங்க செட்டுக்கு ஒரு டாக்டர்

நான் நம்ம வீட்டு வாலு பேசுறேன். வயசு இருபத்துமூணு. இப்ப நிக்கிறது இங்க வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு அடியில, துணி துவைக்கிற பிரிவுல, மடிச்ச போர்வை அடுக்குற ரேக்குக்குப் பின்னாடி. கையில ரப்பர் உறை இருக்கு, தட்டி எழுத முடியாது. வாயால சொல்றேன், ஃபோன் எழுதிக்குது. பின்னாடி மெஷின் சத்தம் வேற. எங்கயாவது உளறியிருந்தா கண்டுக்காதீங்க, ஆனா முழுசா படிங்க. அத்தையோட கால் விஷயம்.

அப்பா, இதைப் பாத்ததும் நம்ம குடும்ப குரூப்ல இருந்து எடுடான்னு சொல்லுவீங்க. எடுக்க மாட்டேன்.

சித்தப்பா வீட்டுக்கும் மாமா வீட்டுக்கும் நடந்ததுல பாதிதான் தெரியும். அதனால முதல்ல இருந்தே சொல்லிடுறேன்.

பள்ளிக்கூடத்துக்கு ஐம்பது வருஷம் ஆச்சுன்னு விழா எடுத்தாங்கல்ல, அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி கணக்கு வாத்தியார் எனக்கு ஃபோன் பண்ணாரு. நாங்க சுண்ணாம்புன்னு கூப்பிடுவோமே, அவருதான். விழாக் கமிட்டிக்கு அவர்தான் செயலாளராம்.

"டேய் வாலு, ஆஸ்பத்திரியிலதானே வேலை?"

"ஆமா சார். துணி துவைக்கிற இடத்துல."

"தெரியும்டா, உங்கப்பா சொன்னாரு. அங்க வெள்ளைக் கோட்டு ஏதாச்சும் போடுவீங்களா?"

"துவைச்ச துணி மடிக்கிற பக்கம் போனா போடணும் சார். நம்ம அழுக்கு அதுல படக்கூடாதுன்னு."

"அதைப் போட்டுக்கிட்டு ஒரு படம் எடுத்து அனுப்பு. சிரிச்ச மாதிரி. பின்னாடி துணி கிணி தெரிய வேணாம்."

வாத்தியார் கேட்டா எதுக்குன்னு திருப்பிக் கேக்குற பழக்கம் அந்தப் பள்ளிக்கூடத்துல எவனுக்கும் கிடையாது. அனுப்பிட்டேன். உண்மையைச் சொன்னா மனசு கொஞ்சம் குளுந்துதான் போச்சு. ஏன்னா, அவங்க என்னை எப்படி அனுப்பினாங்கன்னு எங்க வீட்டுக்குத்தான் தெரியும், உங்களுக்கெல்லாம் ஆஸ்பத்திரி வேலைன்னு மட்டும்தான் அப்பா சொல்லியிருக்காரு. பத்தாவது பரீட்சைக்கு முன்னாடி, நூத்துக்கு நூறு பாஸ் கெட்டுடும்னு, கணக்குல தடுமாறுற எங்க சில பேரைக் கூப்பிட்டு, "டிசி வாங்கிக்கிட்டு தனியா எழுதிக்கோங்க"ன்னுட்டாங்க. அம்மா ஆபீஸ் ரூம் கதவைப் புடிச்சுக்கிட்டு கெஞ்சுச்சு. சுண்ணாம்பு தலையைக்கூட நிமித்தல. அந்த வருஷமும் கேட்டுல பெருசா போர்டு வச்சாங்க, நூறு சதவீதத் தேர்ச்சின்னு. பரீட்சைக்கு நான் வேணாம், ஆண்டு விழாவுக்கு மட்டும் நான் வேணும்!

விழா வீடியோவை நம்ம சித்தப்பா பொண்ணு குட்டிதான் எனக்கு அனுப்புச்சு. பெரிய திரையில வருஷா வருஷம் படிச்சு முடிச்ச பசங்களைக் காட்டுறாங்க. வக்கீல், என்ஜினியர், அதிகாரி. எங்க செட்டு வந்ததும் நான் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறேன். கீழ எழுத்து ஓடுது, 'வெளிநாட்டில் டாக்டர்'னு. கைத்தட்டல் கூரையைப் பிய்க்குது. இருபத்துமூணு வயசுல எவன்டா படிச்சு முடிச்சு வெளிநாட்டுல டாக்டர் ஆவான்னு, அத்தனை வாத்தியார் உக்காந்திருந்த மண்டபத்துல ஒருத்தர்கூட விரல் விட்டு எண்ணிப் பாக்கல. இவங்கதான் எனக்குக் கணக்கு வரலைன்னு வெளிய தள்ளினவங்க.

அப்புறம் அப்பாவை மேடைக்குக் கூப்பிட்டு ஷீல்டு குடுத்தாங்க. அப்பா, நீங்க மைக்கைப் புடிச்சு, "வாயைக் கட்டி வயித்தைக் கட்டி படிக்க வச்சேன்"னீங்களே, எந்தக் காலேஜ்லப்பா?

அன்னைக்கே சுண்ணாம்புக்கு ஃபோன் போட்டேன்.

"என்ன சார் இது அநியாயம்?"

"ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு டாக்டர் காட்டுறோம்டா. உங்க செட்டுல ஒருத்தனும் தேறல. அந்த இடம் மட்டும் மொட்டையா இருந்தா பாக்க நல்லாவா இருக்கும்? விடுடா, ஒரு நாள் கூத்து."

"என்னைத்தான் நீங்க வெளிய அனுப்பிட்டீங்களே சார்?"

"அட, அதையெல்லாம் இன்னுமா மனசுல வச்சிருக்க?" டொக்குன்னு வச்சிட்டாரு.

ஒரு நாள் கூத்தாம்! மறுநாள்ல இருந்து என் ஃபோன் பூரா எக்ஸ்ரே. யாரோ முட்டி, யாரோ முதுகு. எதிர் வீட்டு டெய்லர் நாக்கை நீட்டி படம் புடிச்சு அனுப்பியிருக்காரு. "தம்பி, வெள்ளையா இருக்கே, பயப்படணுமா?"ங்கிறாரு. எங்க தொழில்ல வெள்ளையா இருந்தா சந்தோஷப்படணும்ணே, வேற எனக்கு என்ன தெரியும்? அவருக்கு அதைச் சொல்லிச் சிரிச்சுட்டு விட்டுடலாம். அத்தைக்கு அப்படி விட முடியாது.

அத்தையோட கால் படத்தைக் குட்டி அனுப்புச்சு. பெருவிரல் கருத்துப் போயிருக்கு, சுத்தி வீக்கம், காய்ச்சலும் இருக்காம். சர்க்கரை இருக்குற உடம்பு. மேல வார்டுல நம்ம பாஷை பேசுற நர்ஸ் அக்கா ஒருத்தங்க இருக்காங்க. துவைச்ச கோட்டு எடுக்க அவங்க கீழ வந்தப்ப படத்தைக் காட்டினேன். அவங்க மூஞ்சி மாறிடுச்சு. "இது யாரு? இன்னுமா வீட்டுல வச்சிருக்கீங்க? இப்பவே தூக்கிட்டு ஓடச் சொல்லு. காலோட போறதா உயிரோட போறதான்னு ஆயிடும்"னாங்க.

உடனே அத்தைக்குப் போட்டேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன்னேன்.

"எதுக்குடா? அங்க போனா வெட்டுறேம்பான். நீ லீவு போட்டுட்டு வா. நம்ம வீட்டு டாக்டர் நீ இருக்கும்போது வேற எவன் கையும் என் கால்ல படக்கூடாது."

"அத்தை, நான் டாக்டர் இல்ல. துணி துவைக்கிறேன். பள்ளிக்கூடத்துல பொய்யா போட்டுட்டாங்க."

அத்தை சிரிக்குது. "லீவு தரலைன்னு சொல்லேன்டா, அதுக்கு ஏன் இப்படிப் புளுகுற? என் கண்ணால திரையில பாத்தேன். பள்ளிக்கூடமே பொய் சொல்லுமா? உங்கப்பன்தான் பொய் சொல்லுவானா?"

நான் தலைகீழா நின்னு சொல்லியும் நம்பல. அதனால அப்பாவுக்குப் போட்டேன்.

"ஷீல்டை ஹால்ல மாட்டியாச்சு. தெருவே வந்து பாத்துட்டுப் போச்சு. இப்பப் போய் இல்லைன்னா நான் மூஞ்சிய எங்கடா வச்சுக்குவேன்?"

"அத்தை காலை எங்கப்பா வச்சுக்கும்?"

"வாயை மூடு. விழா சூடு ஆறட்டும். நானே பக்குவமா சொல்லிக்கிறேன்."

என்ன பக்குவம்? அது உங்க கூடப்பொறந்த அக்காப்பா. சின்ன வயசுல உங்களை இடுப்புல தூக்கிச் சுமந்த கால் அது. அழுகிக்கிட்டு இருக்கு. அம்மா நடுவுல ஃபோனை வாங்கி, "சாப்பிட்டியா"ன்னு கேட்டுட்டு வச்சிடுச்சு. சாப்பிடலம்மா. ஒவ்வொரு தடவை ஃபோன் அடிக்கும்போதும், அத்தை போயிடுச்சுன்னு சொல்லத்தான் கூப்பிடுறீங்களோன்னு ரெண்டு மூணு தடவை அடிக்க விட்டுத்தான் எடுக்குறேன்.

எனக்குத் துணி துவைக்கிறதுல ஒரு வெக்கமும் இல்ல. வெக்கப்படுறது நீங்க. உங்க வெக்கத்துக்கு அத்தை காலைக் குடுக்காதீங்க. சுண்ணாம்பு வந்து சொன்னா அத்தை நம்பும், ஆனா அந்தாளு வர மாட்டாரு. பள்ளிக்கூடத்துப் பேரு கெட்டுடும்பாரு. அவங்களுக்கு எப்பவும் பேரு, நூத்துக்கு நூறு, ஐம்பது, இப்படி நம்பரு. ஆளு இல்ல. அப்பாவும் சொல்ல மாட்டாருன்னு தெரிஞ்சு போச்சு. அதான் எல்லாரும் பாக்குற இடத்துல சொல்றேன்.

மேஸ்திரி கத்துறான், நான் போகணும்.

இதை யார் முதல்ல பாக்குறீங்களோ, சித்தப்பாவோ மாமாவோ சின்னவங்களோ, வண்டியை எடுத்துக்கிட்டு நேரா அத்தை வீட்டுக்குப் போங்க. இதை அதுக்குச் சத்தமா படிச்சுக் காட்டுங்க. அழுதாலும் திட்டினாலும் பரவாயில்ல, இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரியில சேருங்க. சேத்துட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க.