டிரைவர் சங்கமும் மூத்திர டப்பாவும்

இருபது வருஷமாக லாரி ஓட்டும் கந்தவேல் செக்போஸ்ட்டைக் கண்டு பயந்ததில்லை, மலைப்பாதையைக் கண்டும் பயந்ததில்லை. நர்மதா நீட்டிய பிளாஸ்டிக் டப்பாவைக் கண்டதும் மனுஷனுக்கு வியர்த்துவிட்டது.

நர்மதா புதுச்சத்திரம் வட்டாரத்தில் கிட்னி நோய் வராமல் தடுக்க வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுக்கும் பெண். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் ஓர் அறக்கட்டளை ஒரு வருஷத்துக்குச் சம்பளம் கொடுத்து அவளை அனுப்பியிருந்தது. தண்ணீர் குடியுங்கள், வலி மாத்திரையை இஷ்டத்துக்கு விழுங்காதீர்கள், சர்க்கரையும் பிரஷரும் பாருங்கள் என்பாள். பேச்சோடு விட்டாளா? ஆளுக்கொரு டப்பாவில் பெயர்ச்சீட்டு ஒட்டிக் கொடுத்து, காலையில் முதலில் போகும் சிறுநீரைப் பிடித்துவைக்கச் சொன்னாள்.

அதற்குள் டிரைவர் சங்கத்தில் ஒரு புரளி கிளம்பிவிட்டது. கிட்னியில் கோளாறு என்று தெரிந்தால் முதலாளி நல்ல காசு பார்க்கும் குஜராத் லைனிலிருந்து இறக்கிவிட்டு, உள்ளூரில் கோழித்தீவன லோடு அடிக்க விட்டுவிடுவாராம். எந்தப் புண்ணியவான் கிளப்பியதோ தெரியவில்லை.

கந்தவேல் விடிந்ததும் ஒரு காரியம் செய்தார். மனைவி வசந்தாமணி தன் டப்பாவை வாசல்படி ஓரம் வைத்துவிட்டுப் பால் வாங்கப் போயிருந்தாள். தலைவலி என்று ஒருநாள் படுத்தறியாதவள். இவர் இரண்டு டப்பாவின் பெயர்ச்சீட்டையும் உரித்து மாற்றி ஒட்டினார். ஒட்டிவிட்டு மீசையை வேறு முறுக்கிக்கொண்டார்.

நர்மதா வந்து ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு சோதனைப் பட்டையை முக்கி எடுத்தாள். வசந்தாமணி பெயர் போட்டதில் பட்டை மஞ்சளாகவே இருந்தது. கந்தவேல் பெயர் போட்டதில் பச்சையாகிவிட்டது.

"அண்ணா, புரதம் இறங்குதுங்க. பயப்படாதீங்க, ஆனா உடனே டாக்டரப் பாக்கோணும். விட்டுட்டா கிட்னி கெட்டுப்போயிருமுங்க."

அந்தக் கணத்தில் கந்தவேலுக்குக் குஜராத் லைன் போச்சே என்பதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

மத்தியானம் அவர் தட்டில் உப்பில்லாத ரசம் விழுந்தது. எதிரில் உட்கார்ந்த வசந்தாமணி கருவாட்டைக் கடித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஏனுங்க, உங்களுக்கு ஒண்ணுன்னா நான் என்னங்க பண்ணுவேன்?" என்றாள். பிறகு முழங்கால் வலிக்கென்று தினமும் விழுங்கும் மாத்திரையைப் பிரித்தாள்.

கந்தவேலுக்கு அப்போதுதான் உறைத்தது. எட்டி அவள் கையைத் தட்டிவிட்டார்.

"அதப் போடாத சாமி! அந்த டப்பா உன்னுது. நாந்தான் சீட்ட மாத்தி ஒட்டிட்டேன்."

வசந்தாமணி கருவாட்டைத் தட்டில் வைத்தாள். பிறகு பேசினாள், அதையெல்லாம் இங்கே அச்சில் போட முடியாது. பேசி ஓய்ந்ததும் தன் தட்டிலிருந்த கருவாட்டை அவர் தட்டுக்குத் தள்ளினாள்.

மறுநாள் வசந்தாமணிக்கு ரத்தமும் எடுத்துப் பார்த்த டாக்டர், நல்ல வேளை ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள் என்றார். பிரஷர் ஏறிக் கிடந்தது. வலி மாத்திரையை நிறுத்த வேண்டும், பிரஷர் மாத்திரையை விடக் கூடாது, வாரா வாரம் யாராவது பிரஷர் பார்த்துச் சொல்ல வேண்டும். கந்தவேல் மாதத்தில் பாதி நாள் ரோட்டில் கிடப்பவர். பார்க்க ஆள் என்றால் நர்மதாதான். அவளுக்கோ அந்த மாதத்தோடு சம்பளம் முடிகிறது.

சங்கத்து நிதியிலிருந்து கொடுத்தால் தொடரலாம் என்று அவள் ஏற்கெனவே கேட்டிருந்தாள். "அது ஆயுத பூஜைக்கு ஆர்கெஸ்ட்ரா வெக்கற காசுங்க" என்று எழுந்து நின்று கத்தி அதைத் தள்ளிவைக்கச் செய்தவர் வேறு யாருமில்லை, இதே கந்தவேல்தான்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நடந்த சங்கக் கூட்டத்துக்கு நர்மதாவும் வந்திருந்தாள். சங்கத் தலைவர் கருப்பண்ணன் தொண்டையைக் கனைத்தார்.

"நம்ம ஆளுங்களுக்கு ஏறக்குறைய ஒரு கோளாறும் இல்லைன்னு அம்மிணியே சொல்லிட்டாங்க. அப்புறம் எதுக்குங்க செலவு?"

கந்தவேல் எழுந்தார். இதைச் சொன்னால் நாமக்கல்லிலிருந்து சேலம் வரைக்கும் டீக்கடைக்கு டீக்கடை தன் மானம் போகும். சொல்லாவிட்டால் வசந்தாமணியை யார் பார்ப்பது?

"நான் குடுத்தது என்னுது இல்லீங்க. என்ற சம்சாரத்துது. சீட்ட மாத்திட்டேன். அதுலதான் புரதம் இருக்குது. இந்த அம்மிணி வரலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதுங்க."

மண்டபமே வெடித்துச் சிரித்தது. ஒருத்தர் நாற்காலியிலிருந்து சரிந்தே விட்டார். முன்வரிசையில் இருந்த கதிர் என்ற இளம் டிரைவர் மட்டும் சிரிக்காமல் எழுந்தான்.

"என்னுதும் என்னுது இல்லீங்ணா. மச்சினனுது."

சிரிப்பு நின்றது. "எங்க ஊட்ல மருமகளுதுங்க" என்றது ஒரு குரல். "நான் பக்கத்து ஊட்டு வாத்தியாருகிட்ட கேட்டு வாங்கினனுங்க" என்றது இன்னொன்று. எல்லாத் தலைகளும் தலைவர் பக்கம் திரும்பின. கருப்பண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார், மறுபடி எடுத்து உதறினார்.

"பேரனுதுங்க. ஒண்ணாவது படிக்கறான்."

நர்மதா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அப்ப நான் இன்னும் ஒரு டிரைவரைக்கூடப் பாக்கவே இல்லீங்களா?"

கருப்பண்ணனே முதல் ஆளாகக் கையைத் தூக்கினார். இன்னும் ஒரு வருஷத்துக்கு நர்மதாவுக்குச் சங்கமே சம்பளம் கொடுக்கும், ஆயுத பூஜைக்குப் பொங்கலும் சுண்டலும் போதும் என்று தீர்மானமாயிற்று. முதலாளி காதுக்கு ஒரு முடிவும் போகாது என்று அவளும் வாக்குக் கொடுத்தாள். ஆனால் இந்தத் தடவை டப்பாவை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டாளாம். மண்டபத்துக் கக்கூஸ் வாசலில் அவளே போய் நின்றுகொண்டாள்.

கந்தவேல் வீட்டுக்குப் போன் போட்டார். "வாரா வாரம் அம்மிணி வந்து உனக்குப் பிரஷர் பாப்பாங்க."

"அப்ப நீங்க தைரியமா லோடு ஏத்திட்டுப் போங்க" என்றாள் வசந்தாமணி. "திரும்பி வாரப்ப நான் இருப்பேன்."

கந்தவேலுக்கு அழுகை வந்துவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டப்பாவும் கையுமாக வரிசையில் போய் நின்றார்.