பன்னிரண்டு கையெழுத்து, மூன்று பேனா

1

இது என் தங்கை மகள் சொன்ன கதை. அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். முதலில் இப்படித் தொடங்கினேன்: 'குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் அவள் சேர்ந்த அன்று வானம்...' வானமாவது மண்ணாங்கட்டியாவது! அடித்துவிட்டேன்.

2

சேர்ந்ததும் அவளுக்கு ஒரு வழிகாட்டியை ஒதுக்கினார்கள். வாரம் ஒருமுறை உட்காரவைத்து வேலை சொல்லித்தர வேண்டும். பன்னிரண்டு வாரமும் இருவரும் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். மனிதர் ஒரு வாரம்கூட உட்காரவில்லை. (மற்றபடி நல்லவர் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். எரிச்சலாக இருந்தது, எடுத்துவிட்டேன்.) கடைசி நாளன்று பதிவேட்டோடும் மூன்று பேனாக்களோடும் வந்தார்.

"மாத்தி மாத்திப் போடும்மா. ஒரே மையில இருந்தா ஒரே நாள்ல போட்டது தெரிஞ்சுடும்."

"சார், நீங்க எதுவுமே சொல்லித் தரலையே?"

"எனக்கு மட்டும் யாரு சொல்லித் தந்தா? போட்டாத்தான் வேலை நிரந்தரமாகும்."

போட்டாள்.

3

அளவுக் கருவியைத் தினமும் காலையில் சரிபார்க்க வேண்டும் என்பதே அவளுக்குத் தெரியாது. போன வாரம் நாற்பது மாதிரிகளின் முடிவும் தப்பு. அதில் ஒன்று பள்ளிக்கூடத் தண்ணீர். மேலாளர் பதிவேட்டைப் பிரித்தார்.

"ஏழாவது வாரம், கருவி சரிபார்ப்பு. சொல்லிக் கொடுத்திருக்கோம். உன் கையெழுத்துதானே இது?"

வழிகாட்டி பக்கத்திலேயே நின்றார். காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார், பாவி!

ஏழாவது வாரம் முழுக்க அவள் காய்ச்சலில் வீட்டில் கிடந்தாள். விடுப்புக் கடிதம் அதே அலுவலக அலமாரியில் இருக்கிறது. அதைக் காட்டினால் வழிகாட்டி போட்ட கையெழுத்தும் பொய், அவள் போட்டதும் பொய். காட்டாவிட்டால் பழி முழுக்க அவள் தலையில். நாளைக் காலைக்குள் பதில் எழுதித் தர வேண்டும்.

4

முடிவு ஒன்று: கடிதத்தைக் காட்டுகிறாள், அறையே தலைகுனிகிறது. (கதையில்தான் நடக்கும்.)

முடிவு இரண்டு: 'என் கவனக்குறைவுக்கு மன்னிப்புக் கோரி...' மாட்டேன். பற்றிக்கொண்டு வருகிறது.

நேற்று அவளிடமே குதித்தேன். "கடிதத்தை எடுத்து மூஞ்சியில வீசு! நியாயம்னு ஒண்ணு இல்லையா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மாமா, உங்க ஆபீஸ்ல புதுசா சேர்ந்த பொண்ணுக்கு நீங்கதானே வழிகாட்டி? எத்தனை வாரம் உட்கார்ந்தீங்க?"

5

இதை முதல் பகுதியிலேயே சொல்லியிருக்க வேண்டும். எங்கள் பதிவேடு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. எட்டுக் கட்டங்களில் என் கையெழுத்து; உட்கார்ந்தது ஒரு வாரம்கூட இல்லை. இந்தக் கதையை எழுதிய அதே பேனா.

அவள் நாளை என்ன எழுதித் தருவாள் என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். எழுத உட்காரும் முன் உங்கள் இழுப்பறையையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.